கண்ணால் தொழுத சுபஹு

வியாழக்கிழமை காலையில் மசூர் கஞ்சி கேட்டபோதுதான் றஹீமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முந்தின நாள் பகல் அவனைக் கல்முனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுவந்து போட்டபோது வாயெல்லாம் நுரை. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிந்தது. கண்மணி இரண்டும் கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. தோலுக்கடியில் சதை தன்பாட்டில் துடித்தது. ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். அந்த இரவை றஹீமா எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினாள், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். மாரி வெள்ளாமைக்குப் பூச்சி விழுந்திருந்தது. மசூர் மருந்தடிக்கிற டாங்கியை வெறும் மேலில் சுமந்துகொண்டு விடிந்ததிலிருந்து வயலுக்குள் நின்றிருக்கிறான். டாங்கியின் மூடி கசிந்து முதுகு வழியாகச் சாரன் வரைக்கும் நனைந்திருக்கிறது. வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருந்ததென்று அப்படியே விட்டுவிட்டானாம், அந்த மகாபுத்திசாலி. பகலில் வரம்பில் சுருண்டு விழுந்தவனைப் பக்கத்து வயல்காரர்கள் டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் ஊர் வேறு மாதிரிச் சொன்னது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மருதமுனையில் இவர்கள் வீட்டில் புருசனுக்கும் பெண்சாதிக்கும் சண்டை. சவூதிக்குப் போகப்போகிறேன் என்று அவன். போனால் இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்று இவள். சத்தம் றோட்டு வரைக்கும் கேட்டது. மறுநாள் பகல் மருந்து வாடையோடு ஆஸ்பத்திரி. இந்த இரண்டையும் முடிச்சுப்போட ஊருக்கு ஒரு நாள் கூடத் தேவைப்படவில்லை. மசூர் மருந்தைக் குடித்துவிட்டான் என்றார்கள். உயிரைத் தானே மாய்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய ஹறாம் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில்தான் குடியிருப்பான். ஆகவே பழி எந்த வீட்டு வாசலில் வந்து விழும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

வியாழன் முழுக்க மசூர் நன்றாக இருந்தான். கஞ்சி குடித்தான். வார்ட்டுத் தாதி யூஜினி மிஸ்ஸியோடு பகிடி விட்டான். பகல் லுஹரையும் பின்னேர அஸரையும் கட்டிலில் குந்தியிருந்தே தொழுதான். றஹீமா ஒரு பக்கம் அழுதாள், ஒரு பக்கம் சிரித்தாள். "டாங்கி மூடிய ஒழுங்கா மூடத் தெரியாத ஆள், இவர்தான் சவூதிக்குப் போகப்போறார்," என்று ஏசவும் செய்தாள்.

அன்று பின்னேரம் டொக்டர் அல்பேட் வந்தார். கல்முனை மெதடிஸ்த குடும்பமொன்றின் பிள்ளை அவர். நரம்பு வியாதிகளைப் பற்றித் தனியாகப் படித்தவர்; வேலை மலைநாட்டில். மருந்தடிக்கிற காலம் வந்தால் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து இந்த வார்ட்டையே சுற்றிக்கொண்டிருப்பார். மசூரைக் கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், கையை உயர்த்தச் சொன்னார், தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னார். சின்னச் சுத்தியலொன்றால் முழங்காலில் தட்டினார். மசூர் எல்லாவற்றையும் செய்துவிட்டு, "டொக்டர், சேர்க்கஸ் கூடாரம் எப்ப அடிக்கிற?" என்று கேட்டான். டொக்டரும் சிரித்தார். ஆனால் போகும்போது றஹீமாவை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"இன்னும் மூணு நாலு நாளைக்கு இவர் இங்க இருக்கோணும். வீட்ட கூட்டிப் போக வேணாம்."

"ஏன் டொக்டர்? ஆள் நல்லாத்தானே இரிக்காரு?"

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பேசினார். "மருந்து பட்டு வந்த ஆக்கள் கொஞ்சப் பேர் இப்படித்தான் நல்லாகி, சந்தோசமா வீட்ட போனாங்க. போன கையோட மௌத்தாகிட்டாங்க. நெஞ்சு நிண்டு போச்சு எண்டு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அது நரம்பு எண்டு ஒரு நினைப்பு. அது எதில தொடங்குது, எப்பிடி வருது, ஒண்டும் தெரியாது. ஆள் கண்ணுக்கு முன்னால இருந்தாத்தான் கண்டுபிடிக்க ஏலும்."

எல்லாம் தெரிந்ததுபோலப் பேசும் டொக்டர்களை அவள் கண்டிருக்கிறாள். அவர்களை நம்புவது சுகம். தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் டொக்டரை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வது?

மசூரின் மூத்த சகோதரன் ஜெமீலுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கல்முனையில் புடவைக்கடை வைத்திருப்பவன். கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவன்போலத்தான் எந்தக் காரியத்தையும் செய்வான். பொழுதுபடும் நேரம், மஃரிபுக்கு முன் வந்து நின்றான்.

"நாளைக்கு இவன் பள்ளிக்கு ஜும்ஆவுக்கு வரணும். முன் வரிசைச் சப்பில என்ட பக்கத்தில நிக்கணும். ஊர் முழுக்கப் பாக்கட்டும். மறுகா எவன் வாய் திறக்கான் பாப்பம்."

"டொக்டர் இரிக்கச் சொல்றாரே மச்சான்."

"டொக்டருக்கு ஆராய்ச்சி. அதுக்கு எங்கட புள்ளதானா கிடைச்ச?"

டொக்டர் அல்பேட் அப்போது அடுத்த கட்டிலில் குனிந்து நின்றார். காதில் விழுந்திருக்க வேண்டும். அவருடைய கழுத்து சிவந்தது. றஹீமாவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும், அவளுக்கும் மனதின் ஒரு மூலையில் அதே கேள்வி இருந்தது. யாரும் சொல்லாத ஒரு வியாதியைக் காட்டிப் பயமுறுத்துகிறார், நம்மை வைத்துப் படிக்கப் பார்க்கிறார் என்று. ஜும்ஆவில் மசூர் நின்றால் ஊர் வாய் அடங்கும் என்ற ஆசையும் அவளுக்கு ஜெமீலுக்குக் குறையாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலைத் தொழுகையான சுபஹுக்குப் பாங்கு சொன்னபோது வார்ட்டு ஜன்னலில் வெளிச்சம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. றஹீமா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து மசூருக்குக் கைகால் முகம் கழுவி வுளூச் செய்ய உதவினாள். குந்துவதற்கு ஏலவில்லை, உடம்பு அசதியாக இருக்கிறது என்று படுத்தபடியே தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். டொக்டர் சொன்ன நேரத்திலிருந்து அவனுடைய ஒவ்வொரு மூச்சையும் பார்ப்பதே வேலையாகிவிட்டது. அவன் தலை அசையவில்லை. தூங்கிவிட்டானோ என்று குனிந்தாள். இல்லை, கண்ணை மூடித் திறந்தான், மறுபடி மூடினான். ஏதோ ஒன்று அவள் மனதில் தட்டிவிட்டுப் போனது. என்னவென்று பிடிபடவில்லை. தானும் தொழவேண்டும் என்று எழுந்துவிட்டாள்.

தேத்தண்ணி கொடுத்தபோது அவனுக்குப் புரையேறியது.

"மெல்லக் குடியுங்க. என்ன மூக்கால கதைக்கிறீங்க?"

"தடிமன் போல," என்றான்.

பத்து மணிபோல ஜெமீல் வந்துவிட்டான். வாசலில் கார். கையில் வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட்டு, தொப்பி. அவனும் ஜும்ஆவுக்கென்று வெள்ளை உடுத்து அத்தர் பூசி வந்திருந்தான். டொக்டர் வேறு வார்ட்டில் நிற்கிறார், வரட்டும் என்று யூஜினி மிஸ்ஸி சொல்லிப் பார்த்தாள். "எங்கட பொறுப்பில கொண்டு போறம் மிஸ்ஸி, எங்க கையெழுத்து வைக்கணும்?" என்று அவன் பேனாவை எடுத்தான். கையெழுத்து வைத்தும் விட்டான்.

றஹீமா சாமான்களைக் கட்டினாள். போர்வை, செம்பு, சாப்பாட்டுக் கரியர். மசூருக்குச் சேட்டை மாட்டிவிட்டு, படுத்திருந்தபடியே தலையைச் சீவிவிட்டாள். அவனும் வீட்டுக்குப் போகத்தான் விரும்பினான்.

"நிண்டு தொழ ஏலாட்டிக் கதிரை போட்டுத் தாறன்டா," என்றான் ஜெமீல். "இரிந்து தொழு. ஆக்கள் கண்டாச் சரி."

"இரிக்கிறதும் ஏலுமோ தெரியா காக்கா," என்றான் மசூர் மூத்தவனிடம், அந்த மூக்குக் குரலில். "சுபஹ நான் கண்ணாலதான் தொழுத."

றஹீமாவின் கையில் சீப்பு நின்றது.

ஓதப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த பிள்ளை எதுவும் இந்தச் சட்டத்தை மறக்காது. நின்று தொழ வேண்டும். நிற்க ஏலாதவர் இருந்து தொழலாம். இருக்கவும் ஏலாதவர் படுத்துத் தொழலாம். குனிவதற்கும், நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதுக்கும் தலையை அசைத்துச் சாடை காட்ட வேண்டும். தலையையும் அசைக்க ஏலாமல் போனவர் மட்டுந்தான் கண்ணிமையால் தொழலாம். ஏலுமானவர் அப்படித் தொழுதால் அது தொழுகையே இல்லை. மசூர் டாங்கி மூடியில் கவனமில்லாத மனிதனாக இருக்கலாம். தொழுகைச் சட்டத்தில் அவனைப்போல ஒரு பிடிவாதக்காரனைக் காணக் கிடைக்காது. காய்ச்சல் நேரம் குந்தியிருந்து தொழுததைக்கூடச் சுகமான பிறகு பள்ளி லெவ்வையிடம் போய்க் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டவன் அவன்.

"ஏன் கண்ணால தொழுதீங்க?"

"தலை வரல்ல."

"வரல்ல எண்டா?"

"அசைக்க நினைச்சன். வரல்ல." களவு பிடிபட்டவன்போலச் சொன்னான். "அசதியாக்கும்."

"இப்ப உசத்துங்க பாப்பம். டொக்டருக்கு நேத்து உசத்திக் காட்டின மாதிரி."

மசூர் முயன்றான். தாடை இறுகியது, கழுத்து நரம்பு நடுங்கியது, கண் பெரிதாகியது. தலை தலையணையை விட்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை. அவன் கண்ணில் அப்போதுதான் பயம் வந்தது.

"படுத்தே கிடந்தாப் புடிக்கும்தானே," என்றான் ஜெமீல். "ஒழுப்பி இரித்தினாச் சரியாப் போகும். நேரமாகுது, நீ அந்தப் பக்கம் பிடி."

றஹீமா பிடிக்கவில்லை. கட்டில் விளிம்பில் மசூருக்கும் ஜெமீலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். புருசனின் மூத்த சகோதரனுக்கு முன்னால் அதுவரை குரல் உயர்த்திப் பேசியறியாதவள், வார்ட்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"மிஸ்ஸி! டொக்டரக் கூப்பிடுங்க! மச்சான், இவரத் தூக்கிற எண்டா என்னையும் சேத்துத் தூக்கிப் போங்க. நான் ஒழும்ப மாட்டன்."

"உனக்கென்ன புள்ள பைத்தியமா? கார் நிக்கிது!"

"நிக்கட்டும்!"

ஜெமீலுக்கு முகம் கறுத்துவிட்டது. இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் டொக்டர் ஓடி வந்துவிட்டார். யூஜினி மிஸ்ஸி போய் என்ன சொன்னாளோ, மூச்சிரைக்க வந்தார்.

"கண்ணால தொழுதாராம் டொக்டர்," என்றாள் றஹீமா. கிறிஸ்தவரான அவருக்கு அது விளங்காதே என்று அப்போதுதான் உறைத்தது. தட்டுத் தடுமாறிச் சட்டத்தைச் சொன்னாள். அவர் பாதியிலேயே விளங்கிக்கொண்டார்.

"விடிய எத்தினை மணிக்கு அது?"

"சுபஹுக்கு. ராவு இஷாவுக்குத் தலைய அசைச்சிதான் தொழுதாரு, நான் கண்டன்."

டொக்டர் மசூரின் கையில் தன் விரலைக் கொடுத்து நசிக்கச் சொன்னார். நசித்தான், அவர் முகம் சுளிக்குமளவுக்கு நசித்தான். கால் விரலை ஆட்டினான். ஆனால் தோளைத் தூக்கச் சொன்னால் ஏலவில்லை. தலை அசையவே இல்லை. "ஒரே மூச்சில எண்ணுங்க," என்றார். மசூர் எண்ணத் தொடங்கினான். பத்துக்குப் போகும் முன்பே மூச்சு முடிந்துவிட்டது.

"கழுத்து," என்றார் டொக்டர் யாரிடமோ சொல்வதுபோல. "கழுத்துத்தான் முதல்ல போகுது. அடுத்தது நெஞ்சு."

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மசூரின் உதடு நீலம் பாய்ந்தது. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். திரை விலகியபோது அவனுடைய வாய்க்குள் ஒரு குழாய், குழாயின் நுனியில் கறுத்த றப்பர் பை. அந்தப் பையை யூஜினி மிஸ்ஸி அமுக்கினால் அவன் நெஞ்சு உயர்ந்தது, விட்டால் தாழ்ந்தது. அவன் விழித்துத்தான் இருந்தான். எல்லாம் கேட்டது, எல்லாம் விளங்கியது, அசைய மட்டும் முடியவில்லை. அந்தக் கண்ணைப் பார்க்க றஹீமாவால் ஏலாமல் இருந்தது, பார்க்காமல் இருக்கவும் ஏலவில்லை.

"மூச்சு விடுற மெசின் இங்க இல்ல," என்றார் டொக்டர். "இருக்கிற இடத்துக்குக் கொண்டு போறதுக்குள்ள வழியில முடிஞ்சிடும். கையாலதான் அமுக்கோணும். ஓயாம. நரம்பு திரும்பி வாற வரைக்கும்."

"வருமா டொக்டர்?"

"வரும் எண்டு நினைக்கிறன்."

"எத்தின நாளைக்கு?"

"தெரியாது தங்கச்சி," என்றார். இந்த முறை அந்தச் சொல் றஹீமாவுக்குக் கோபமூட்டவில்லை.

மிஸ்ஸியிடமிருந்து றஹீமா பையை வாங்கினாள். நீ மூச்சு விடும்போது அவருக்கும் விடு என்று மிஸ்ஸி சொல்லிக்கொடுத்தாள். அமுக்கு, விடு. சும்மா இருந்து அமுக்குகிற வேலைதானே என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் விரல்கள் விறைத்து, தோள் வரைக்கும் வலி ஏறியது. நிறுத்தினால் ஆள் இல்லை என்ற நினைப்பு அதைவிடப் பெரிய வலி. அவள் கை நடுங்குவதைக் கண்டு ஜெமீல் வந்து வாங்கினான்.

ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னது. வெள்ளைச் சாரனும் அத்தர் வாசமுமாக, முன் சப்பில் தம்பியோடு நிற்கப் புறப்பட்டு வந்த மனிதன், கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று பையை அமுக்கிக்கொண்டிருந்தான். கண்ணீர் தாடியில் இறங்கிக் கட்டில் விரிப்பில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை. "நான் காருல ஏத்தியிருப்பன்டா," என்றான் தம்பியிடம். "முதுகில தட்டித் தட்டி ஏத்தியிருப்பன்."

ஜெமீலை ஜும்ஆவில் காணவில்லையென்றதும் பள்ளியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். நலம் விசாரிக்க வந்தவர்கள் பாதி, புதினம் பார்க்க வந்தவர்கள் பாதி. யூஜினி மிஸ்ஸி எவரையும் சும்மா நிற்க விடவில்லை. கை கழுவச் சொல்லி வரிசையில் நிறுத்தினாள். மசூர் குடித்துவிட்டான் என்று கடை கடையாகச் சொல்லித் திரிந்த வாய்க்காரர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். யார் யாரென்று றஹீமாவுக்குத் தெரியும். அவர்களும் அமுக்கினார்கள். குடித்தவனா, பட்டவனா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பை கையில் வந்துவிட்டால் அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாது.

அப்படியே நாட்கள் போயின. கடைக்காரர், மீன்காரர், வாத்தியார், டிராக்டர் ஓட்டுகிறவர் என்று ஆள் மாற்றி ஆள். ஒருநாள் பகல் றஹீமாவின் முறை. அமுக்கப் போனவளுக்கு, கைக்கு முந்திக்கொண்டு பை கொஞ்சம் சுருங்கியதுபோல இருந்தது. பயந்துபோனாள். தன் கைப்பிழை என்று நினைத்தாள். அடுத்த தடவையும் அப்படியே.

"டொக்டர்! நான் எதையோ பிழையாச் செஞ்சிட்டன்!"

டொக்டர் வந்து பையில் கை வைத்து, அது சுருங்கிச் சுருங்கி விரிவதைப் பார்த்தார். "நீங்க ஒண்டும் செய்யல்ல," என்றார். "அது அவர்ர மூச்சு."

மசூர் வீட்டுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை நடக்கத் தொடங்கிய கிழமையில் டொக்டர் மருதமுனைக்கு வந்தார். ஜெமீல்தான் காரில் கூட்டி வந்தான். இப்போது டொக்டருக்குச் சாரதியே அவன்தான்.

"ஒரு உதவி வேணும் தங்கச்சி. கழுத்துத்தான் முதல்ல போகுது எண்டு உங்கட ஆளில கண்டன். ஒரு ஆளில கண்டத வெச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. வீட்ட போய் மௌத்தான மத்த ஆக்களுக்கும் அப்பிடித்தானா எண்டு தெரியோணும். பாலமுனையில ஒரு ஆள். கடைசியா அவரோட இருந்த ஆள் அவர்ர மனிசி மட்டும்தான்."

"போய்க் கேக்கலாமே?"

"போனன். அவ இத்தாவில இருக்கிறா."

அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. புருசன் மௌத்தான பெண் இத்தாக் காலம் முடியும்வரை அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. வீட்டு ஆண்கள் வாசலில் வைத்தே, "நல்லா இரிந்தாரு, மௌத்தாப் போனாரு, அல்லாஹ்ட நாட்டம்," என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். யூஜினி மிஸ்ஸியை அனுப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரி ஆளைக் கண்டதும், குடித்தாரா என்று விசாரிக்கத்தான் வந்திருக்கிறது என்று அந்தப் பெண் வாயே திறக்கவில்லை.

"தலைய உசத்தினாரா எண்டு நேராக் கேக்க வேணாம்," என்றார் டொக்டர். "அண்டைக்கு நடந்ததச் சொல்லச் சொல்லுங்க. அவ சொல்றதக் கேட்டா மட்டும் போதும்."

"ஏன் மௌத்தானாரு எண்டு அவ என்னக் கேட்டா?"

டொக்டருக்கு அவள் கேட்டது விளங்கியது. "எங்களுக்கும் சரியாத் தெரியாது எண்டு சொல்லுங்க," என்றார்.

பாலமுனையில் ஜெமீலும் டொக்டரும் றோட்டோரம் காருக்குள் இருந்துகொண்டார்கள். றஹீமா மட்டும் உள்ளே போனாள். மௌத்தானவரின் மனிசி பாத்தும்மா வெள்ளைச் சீலையில், திரை போட்ட அறைக்குள் பாயில் இருந்தாள். றஹீமாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் புருசன் முதுகிலும் மருந்து பட்டது, குடித்ததென்று தன் ஊரும் கதை கட்டியது என்று றஹீமா சொல்லத் தொடங்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

"ஆசுபத்திரியில வெச்சே நல்லாகிட்டாரு," என்றாள் பாத்தும்மா. "ஒருத்தரும் கூட்டிப் போகச் சொல்லல்ல, நான்தான் அழுது கூட்டி வந்த. புள்ளைகள் வாப்பாவத் தேடி அழுதுகள். வந்து இடியப்பம் திண்டாரு. கடைசிப் புள்ளைய மடியில வெச்சிரிந்தாரு. பின்னேரம் தண்ணி குடுத்தன், மூக்கால வந்திச்சி. நான் சிரிச்சன். தலகாணிய உசத்தி வையி எண்டாரு. வெச்சன். இன்னும் உசத்து எண்டாரு. என்ட வாப்பாட தலகாணியையும் எடுத்து வெச்சன்." சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். "மறுகா நித்திரையாகிட்டாரு. எவ்வளவு நாளைக்குப் பிறகு நல்லாத் தூங்கிறாரு எண்டு சொந்தக்காரர் ஒருத்தரையும் கதைக்க விடல்ல நான். புள்ளைகளையும் சத்தம் போட விடல்ல. வாசல்ல இரிந்து காவல் காத்தன். மஃரிபுக்கு ஒழுப்பப் போனா…"

அவள் முடிக்கவில்லை. றஹீமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தலையணை மேல் தலையணை. தலையைத் தானாக உயர்த்த அவருக்கும் ஏலாமல் போயிருக்கிறது; கேட்காமலே பதில் வந்துவிட்டது. எழும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது; எழும்ப மனம் வரவில்லை.

"தலகாணிய உசத்தினது பிழையா, தங்கச்சி?"

"இல்ல ராத்தா. அது பிழையே இல்ல." அதைச் சொல்லக் கிடைத்ததில் றஹீமாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"உங்கட மாப்பிள்ளைக்கும் இப்பிடித்தான் வந்ததா?"

"ஓம்."

"அவரு…?"

என்ன வார்த்தை சொன்னாலும் அது கத்தியாகத்தான் போய் இறங்கும் என்று றஹீமாவுக்குத் தெரிந்தது. "வீட்ட இரிக்காரு," என்றாள்.

பாத்தும்மா அழவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். அது மனதார வந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கொஞ்ச நேரம் பாயின் ஓலையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"அவர வீட்ட போக விடாம யாரு மறிச்ச?"

"நான்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே," என்றாள் பாத்தும்மா. யாரையும் குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல, ஒரு சாமான் ஏன் தன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்று விசாரிப்பதுபோல.

எங்களுக்கும் சரியாத் தெரியாது என்று டொக்டர் சொல்லித்தந்த வார்த்தை றஹீமாவின் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் பொய். அவர் அதைச் சொல்லித்தந்தபோது உண்மையாக இருந்திருக்கலாம். இந்தப் பாயில் உட்கார்ந்து, இந்தக் கதையைக் கேட்ட பிறகு அது உண்மை இல்லை.

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாது ராத்தா. டொக்டருக்கும் தெரியாது."

பாத்தும்மா நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப தெரியுமா?"

"இப்ப தெரியும்," என்றாள் றஹீமா. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.